செங்கல் வரிசைக்கு வெளியே நின்று போட்ட பந்து

செல்வத்துக்கு,

கம்பெனி உன்னை வெளியே அனுப்பிவிட்டது. முட்டி போய்விட்டது, இனிமேல் நீ குதிக்க மாட்டாய் என்று தெரிந்ததும் டீமிலிருந்து எடுத்தார்கள். டீமிலிருந்து எடுத்ததும் வேலையும் போயிற்று. மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். இதில் ஒன்றைக்கூட நீ எனக்குச் சொல்லவில்லை. மருமகளும் வாயைத் திறக்கவில்லை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் மரவாடி ரஹீம் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, செல்வத்துக்கு இப்படி ஆயிப்போச்சே, கேட்டதுலேருந்து மனசே சரியில்லண்ணே" என்றார். என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவன் மாதிரி தலையை ஆட்டினேன். கடலை மண்டியில் உட்கார்ந்து பழகிய தலை அது, தெரியாத விலைக்கும் தெரிந்த மாதிரி ஆடும். பெற்ற பிள்ளையின் விஷயத்துக்கும் அப்படி ஆட வேண்டிவந்தது.

பிறகு அவர் வாயிலிருந்தே விவரத்தைக் கறந்துகொண்டேன். பெரம்பலூரில் அவர்கள் நடத்துகிற இந்த வருஷ டோர்னமென்ட்டுக்கு உங்கள் டீமை அழைக்க அவர் டிரங்க் கால் போட்டிருக்கிறார். உன் பெயரைச் சொல்லிக் கேட்டதற்கு எடுத்தவன், "அவர் இப்ப லிஸ்ட்ல இல்லீங்க" என்றிருக்கிறான். பாய் விடாமல் துருவிக் கேட்டதில்தான் முட்டியும் வேலையும் குவார்ட்டர்ஸும் வெளியே வந்திருக்கிறது. அந்தக் கம்பெனியின் பெயரை முதுகில் போட்டுக்கொண்டு நீ ஆடாத ஊர் இல்லை. கடைசியில் லிஸ்டில் இல்லை. உனக்கு ஆறுதல் சொல்ல நான் இதை எழுதவில்லை. அதற்கு உன் அம்மா இருக்கிறாள்; நீ வருகிற அன்றைக்கு அடிப்பதற்கென்று ஒரு சேவலைக் கூடையில் போட்டு மூடி வைத்திருக்கிறாள், அது விடிகிறதுக்கு முன்னால் கத்தி என் தூக்கத்தைக் கெடுக்கிறது. எனக்கு இருப்பது கோபம். அது யார் யார் மேல் என்று பிரித்துச் சொல்லிவிடப் போகிறேன். உன் மேலும் ஒரு பங்கு உண்டு. படித்துவிட்டு ஒளித்து வைக்காதே. உன்னோடு ஆடுகிற பையன்கள் படிக்கட்டும், அவர்களைப் பெற்றவர்களும் படிக்கட்டும்.

தூரத்திலிருந்து பந்து போடும் திறமை உனக்குப் பிறவியிலேயே வந்தது என்று பேப்பரில் எழுதினார்கள். எழுதினவன் ஒருத்தனாவது அரியலூருக்கு வந்து நம் மண்டிக்குப் பின்பக்கம் எட்டிப் பார்த்தானா? அது பிறவியில் வரவில்லை, என் கடலையால் வந்தது. காய் உலர்த்தச் சிமெண்டுக் களம் போட்ட வருஷம், நீ பள்ளிக்கூடத்தில் அந்தக் கூடைப்பந்து விளையாட்டைப் பார்த்துவிட்டு வந்து, தார் டிரம்மின் இரும்புப் பட்டையைக் குடோன் சுவரில் அடித்துத் தரச் சொல்லி அம்மாவைப் பிடித்துக்கொண்டாய். நான் சரி என்றேன், ஒரு நிபந்தனையோடு. கடலையில் கால் படக் கூடாது. ஈரக் காய் மிதிபட்டால் ஓடு விரியும், விரிந்த ஓட்டுக்குள் பூஞ்சை போகும், மூட்டை பிரிக்கிற இடத்தில் என் பெயர் கெடும். களத்தைச் சுற்றிச் செங்கல்லை வரிசையாக வைத்திருந்தோம். அதற்கு உள்ளே கடலை, வெளியே நீ. வளையத்துக்கு நேர் கீழே மட்டும் காலிச் சாக்கை அடுக்கி வைத்திருப்போம். வளையத்துக்குள் சுத்தமாக விழுகிற பந்து சாக்கின் மேல் விழும். தவறுகிற பந்து கடலையில் விழும். கடலையில் விழுந்தால், நசுங்கின காய் அத்தனையையும் நீதான் பொறுக்க வேண்டும். அறுவடை ஏற ஏறக் காய் வரத்து கூடும், செங்கல் வரிசையைப் பின்னால் தள்ளிப் போடுவோம், நீயும் பின்னால் போவாய். போகிப் பண்டிகைக்குள் நீ ஏறத்தாழ வேலியில் முதுகு முட்ட நின்றுகொண்டிருப்பாய்.

காய் கிளறுகிற அஞ்சலை பந்தை உனக்குத் திருப்பி எறிவாள். எறிந்துவிட்டு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள். "சின்ன மொதலாளி, பாத்துப் போடு. தவறுச்சுன்னா ஒங்கப்பாரு ஒன்னையும் சேத்துச் செக்குல போட்டு ஆட்டிப்புடுவாரு."  உதட்டைக் கடித்துக்கொண்டு போடுவாய். தூக்கிப் போட்டால்தான் நேராகச் சாக்கில் இறங்கும் என்று நீயே கண்டுபிடித்தாய். பந்து குடோன் கூரைக்கு மேலே போய்த் திரும்பி வளையத்துக்குள் இறங்கும். நான் தராசில் கண் வைத்திருந்தாலும் காது அங்கேதான் இருக்கும். சாக்கில் விழுந்தால் 'பொத்'தென்று ஒரு சத்தம், கடலையில் விழுந்தால் 'சரக்'கென்று ஒரு சத்தம். பத்தாவது முடிக்கிறதுக்குள் 'சரக்' நின்றுவிட்டது. எங்களிடம் காய் கொண்டுவருகிற உடையார்பாளையத்து ஆட்கள் வண்டியை அவிழ்த்துவிட்டு, விலை பேசக்கூட மறந்து உன்னைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். விலை பேச மறந்தவனிடம் வாங்குவது எனக்குச் சுலபம். அந்த வகையில் உன் ஆட்டத்தால் எனக்கும் லாபம் உண்டு. அதையும் மறைக்கவில்லை.

கம்பெனி ஆபீசர் நம் மண்டிக்கு வந்த அன்று என்ன நடந்தது என்பதை நீ வேறு விதமாக ஞாபகம் வைத்திருப்பாய். நான் ஞாபகம் வைத்திருப்பதைச் சொல்கிறேன். ரயிலில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, கையில் தோல் பை. மூட்டை மேல் துண்டை விரித்து உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினார்.

"முதலாளி, உங்க பையன் கை தங்கம். எங்க கம்பெனிக்கு வரட்டும். காலையில ஒரு கையெழுத்து, சாயந்தரம் பிராக்டிஸ். வேற வேலையே கிடையாது."

"விளையாடறதுக்கா சம்பளம் குடுக்குறீங்க?"

"ஆமா. அதான் ஸ்போர்ட்ஸ் கோட்டா."

"எத்தினி வருசத்துக்குங்க?"

அவர் சிரித்தார். "விளையாடுற வரைக்கும்."

"வெளயாட முடியாமப் போச்சுன்னா?"

"என்ன முதலாளி, நல்ல காரியம் பேசும்போது..."

"நல்ல காரியம் பேசறப்பதாங்க இதப் பேசணும். கெட்டது நடந்தப்பறம் பேச உக்காந்தா யாரு சார் நம்மகிட்ட பேசுவா? பர்மனென்ட்டுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. ஆட்டம் நின்னாலும் அங்கயே ஒரு குமாஸ்தா நாற்காலி. அவ்ளோதான் நான் கேக்கறது."

அப்போது நீ குறுக்கே வந்தாய். இருபது வயது உனக்கு. முகம் சிவந்து போயிருந்தது. அந்த மனிதருக்கு முன்னால் உன் அப்பன் பேரம் பேசுவது உனக்கு அவமானமாக இருந்தது. "அப்பா, சும்மா இருங்கப்பா. இது கடலை யாவாரம் இல்ல" என்றாய்.

செல்வம், நான் அடுத்தவன் மண்டியில் மூட்டை தூக்கினவன். என் அப்பன் அடுத்தவன் வயலில் கூலிக்குப் போனவன், ஒரு நாளும் அவனுக்கு இவ்வளவு என்று சொல்லிக் கொடுத்ததில்லை. வேலை முடிந்த பிறகு ஆண்டையின் மனசுக்கு எவ்வளவு தோன்றுகிறதோ அவ்வளவு. அதைப் பார்த்து வளர்ந்ததால்தான், முதல் மூட்டையை முதுகில் ஏற்றுவதற்கு முன்னால் 'எவ்வளவு, எது வரைக்கும்' என்று கேட்கப் பழகினேன். கேட்டதற்காக அடி வாங்கியிருக்கிறேன், வேலை போயிருக்கிறது, ஆனாலும் கேட்டேன். நம் குடும்பத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் நான். அதைத்தான் நீ அந்த ஆபீசருக்கு முன்னால் 'சும்மா இருங்க' என்று சொல்லி நிறுத்தினாய். நான் நிறுத்திக்கொண்டேன். கேள்வி தப்பு என்று நிறுத்தவில்லை. உன் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன். நான் பாதியில் விட்ட பேரம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். அந்த ஆபீசர் என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். ஏமாந்தவனுடைய தோளைத்தான் அப்படித் தட்டுவார்கள், நானே எத்தனையோ பேரைத் தட்டியிருக்கிறேன்.

பிறகு உனக்கு நல்ல காலம். மறுக்க மாட்டேன். ஷூ, பனியன், ரயில் டிக்கெட் எல்லாம் கம்பெனி கொடுத்தது. தீபாவளிக்கு வரும்போது ஊர் பேர் தெரியாத இடங்களில் எடுத்த போட்டோக்களைக் காட்டுவாய். உன் அம்மா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். பெரம்பலூர் டோர்னமென்ட்டுக்கு உன் டீம் வந்தபோது, நம் ஜனம் லாரி பிடித்து அரியலூரிலிருந்து வந்தது. நான் பார்த்த உன் ஆட்டம் அது ஒன்றுதான். சுற்றிலும் மூங்கில் கட்டி, டியூப் லைட் போட்டு, மைக் வைத்திருந்தார்கள். நீ தூரத்திலிருந்து ஒரு பந்து போட்டதும் மைக்கில் ஆரம்பித்துவிட்டார்கள். "நமது மண்ணின் மைந்தன் செல்வம் போடும் அடுத்த பந்துக்கு, கடைவீதி ஜவுளிக்கடை முதலாளி அவர்கள் பத்து ரூபாய் பரிசு அறிவிக்கிறார்!" அது விழுந்தது. உடனே நகைக்கடைக்காரர். அதுவும் விழுந்தது. அப்புறம் சைக்கிள் கடை, உரக்கடை, ஓட்டல். ஒவ்வொருத்தரும் சீட்டு எழுதி மைக்குக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். நான் வியாபாரி, எனக்குத் தெரியாதா? பத்து ரூபாயில் ஊர் முழுக்கக் கடை பெயரை ஒலிபரப்புகிறார்கள். தட்டி போர்டு எழுதினால் அதைவிடச் செலவு.

பக்கத்தில் இருந்த ஒருத்தன் என்னைப் பார்த்துக்கொண்டே உரக்கச் சொன்னான்: "ஊரே குடுக்குது. பெத்தவரு மட்டும் மடிய அவுக்க மாட்டேங்கறாரு பாரேன்." இன்னொருத்தன், "அது கடலக்கார மடிடா. தோல உரிச்சாத்தான் பருப்பு வரும்" என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் அவிழ்க்கவில்லை. ஏனென்றால் அதற்குள் நீ காலை மாற்றி வைத்து நிற்பதை நான் பார்த்துவிட்டேன். மூட்டை தூக்குகிறவன் முட்டி கெடுகிறதற்கு முன்னால் அப்படித்தான் நிற்பான், பாரத்தை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குத் தள்ளிக்கொண்டு. இடைவேளைக்கு அப்புறம் உன் கோச் உன்னை உட்கார வைத்தார். மைக் விடவில்லை. பரிசுத் தொகையை ஏற்றிக்கொண்டே போனார்கள், கூட்டம் உன் பெயரைச் சொல்லிக் கத்தியது. நீ எழுந்து போனாய். ஒவ்வொரு பந்துக்கும் குதித்தாய். கடைசியில் ஒரு பாயிண்டில் தோற்றீர்கள்.

ஆட்டம் முடிந்து டீக்கடையில் நின்றோம். நீ என் முகத்தைப் பார்க்காமல், "ஊரே அறிவிச்சுச்சு. நீங்க மட்டும் கையக் கட்டிக்கிட்டு நின்னீங்க" என்றாய். எனக்கு வேறு ஒரு கேள்வி இருந்தது. "ஏன்டா, கிட்டப் போயிப் போட்டாலும் ரெண்டு, அவ்ளோ தூரத்துலேருந்து போட்டாலும் ரெண்டா?" என்று கேட்டேன்.

"ஆமாப்பா."

"ரெண்டுக்கும் ஒரே வெலயா? அப்பறம் எதுக்குடா கஷ்டமான சரக்கக் கொண்டாந்து விக்கற?"

நீ சிரித்துவிட்டாய். கோபத்தோடேயே சிரித்தாய். "அங்கேருந்து போட்டா தடுக்க ஆளு வராதுப்பா. எனக்குப் பழக்கமும் அதான். உள்ள கால் வச்சா இன்னமும் கடலைய மிதிக்கற மாதிரி இருக்கு."

அந்தப் பதிலை நான் இத்தனை வருஷம் வைத்துக்கொண்டிருக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடம் கூட.

போன வருஷம் பொங்கல் கழிந்து நாங்கள் இரண்டு பேரும் உன் குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தோம். நீ காலை முக்காலி மேல் நீட்டி வைத்திருந்தாய். முட்டி சுரைக்காய் மாதிரி இருந்தது. "சும்மா சுளுக்குப்பா" என்றாய். உன் அம்மா விளக்கெண்ணெயைச் சுட வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அதே ஆபீசர் ஸ்கூட்டரில் வந்தார். தலை நரைத்திருந்தது, சட்டை மட்டும் அதே வெள்ளை. "ஒரே ஒரு மேட்ச் செல்வம். ஊசி போட்டா வலி தெரியாது. ஃபைனலாச்சே" என்றார். நான் எழுந்து நின்று, "சார், அந்த பர்மனென்ட் விசயம்..." என்று ஆரம்பித்தேன். "அதெல்லாம் மேட்ச் முடியட்டும், பேசிக்கலாம் முதலாளி" என்றார். நீ என்னைப் பார்த்தாய். அன்றைக்கு மண்டியில் பார்த்த அதே பார்வை. வாயை மூடிக்கொண்டேன். அவர் போன பிறகு உன் அம்மா எண்ணெய்க் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, "ஏங்க, அவரு முட்டிக்கு ஊசி போட்டுக்கிட்டு அவரே ஓடலாம்ல?" என்று கேட்டாள். நம் வீட்டில் புத்தியுள்ள பேச்சு அது ஒன்றுதான். நீ ஊசி போட்டுக்கொண்டு ஆடினாய். ஜெயித்தீர்கள் என்று கேள்வி. கோப்பை அந்த ஆபீசர் அறையில் இருக்கிறது என்றும் கேள்வி. முட்டி உன்னோடு இருக்கிறது.

இப்போது இன்னொன்று சொல்கிறேன். உனக்கு இது முன்னமே தெரிந்திருக்கும், எனக்குத்தான் புதிது. அன்றைக்கு பஸ் ஸ்டாண்டிலிருந்து ரஹீம் பாய் என்னைக் கையோடு கிரவுண்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். தரையில் வளையத்தைச் சுற்றிப் பெரிய வளைவாகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். "என்ன பாய் இது, கல்யாணப் பந்தலுக்கு அளவெடுத்தாப்பல?" என்றேன்.

"புது ரூலுண்ணே. இந்தக் கோட்டுக்கு வெளியே நின்னு போட்டா இனிமே மூணு."

"எது மூணு?"

"பாயிண்டுண்ணே. உள்ளேருந்து போட்டா ரெண்டு. வெளியேருந்து போட்டா மூணு. ஒலகம் பூரா மாத்திட்டாங்க."

 அவர் மரவாடி ஆளிடம் சணல் கயிறு ஒன்று வாங்கி, வளையத்துக்கு நேர் கீழே ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, கோடு வருகிற இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டேன். பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. "எதுக்குண்ணே?" என்றார். "சும்மாதான்" என்றேன். வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் களத்துக்குப் போய், உன் டிரம் பட்டைக்குக் கீழே கயிற்றின் ஒரு முனையை அஞ்சலையைப் பிடிக்கச் சொல்லி நீட்டினேன். முடிச்சு செங்கல் வரிசை வரைக்கும் வரவில்லை. நன்றாக உள்ளேயே, கடலை காய்கிற இடத்திலேயே நின்றுவிட்டது. அஞ்சலை, "என்னா மொதலாளி, களத்த விக்கப் போறீங்களா?" என்றாள். 

நீ பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோதே அந்தக் கோட்டுக்கு வெளியேதான் நின்றாய். ஆட்ட காலம் முழுவதும் மூன்று பெறுமானச் சரக்கை இரண்டுக்கு விற்றாய். பெரம்பலூரில் ஒரு பாயிண்டில் தோற்றது தோல்வியே இல்லை, இன்றைய விலைக்கு அது உன் ஆட்டம். உன் கால் போகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, பிறகு விலையை ஏற்றியிருக்கிறார்கள். இதற்காக யார் மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் பஸ் ஏறிப் போயிருப்பேன். வியாபாரத்தில் நான் பார்க்காததில்லை, நான் விற்ற மறுநாள் விலை ஏறியதுண்டு. ஆனால் அந்தக் கடலை அடுத்த ஆடியில் விதைத்தால் திரும்ப விளையும்.

உன் மேல் இருக்கிற பங்கையும் சொல்லிவிடுகிறேன். நீ ஆடினது தப்பில்லை. கேட்காமல் ஆடினது தப்பு. கைதட்டலைக் கூலி என்று எடுத்துக்கொண்டாய். கைதட்டுகிறவன் காசு கொடுத்ததாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறான், நீயும் வாங்கிக்கொண்டதாக நினைத்துக்கொண்டு படுக்கிறாய். விலை பேசுவது கேவலம் என்று உனக்கு யார் சொன்னார்கள்? விலை பேசாமலே வாங்கிப் பழகினவர்கள் சொன்னார்கள். இன்றைக்கும் நீ எனக்குச் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான், எனக்குத் தெரியும். நான் ஏதாவது கேட்பேன் என்று பயம். உன் மகளுக்கு இப்போது நான்கு வயது. அவள் எந்த வேலைக்குப் போனாலும், அங்கே அவள் வாயைத் திறந்து கேட்கும்போது அவளைச் சும்மா இரு என்று சொல்லாதே. உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி அது ஒன்றுதான், மற்றதெல்லாம் வெறும் ஆத்திரம்.

இனி, நடந்ததைச் சொல்கிறேன். அந்தக் கோட்டைக் காட்டின கையோடு ரஹீம் பாய் விஷயத்துக்கு வந்திருந்தார். டோர்னமென்ட் ஆரம்பிக்கிற அன்றைக்கு நீ வந்து, புதுக் கோட்டுக்கு வெளியே நின்று பந்து போட்டுக் காட்ட வேண்டும் என்றார். "வுழுற ஒவ்வொரு பந்துக்கும் கடைக்காரங்க பரிசு அறிவிப்பாங்கண்ணே. மைக்குல போட்டுடலாம். செல்வத்துக்கும் கையில ஏதோ நிக்கும், இன்ஷா அல்லா."

நல்ல மனிதர், கெட்ட எண்ணம் கிடையாது. எனக்குத்தான் உடம்பு எரிந்தது. "பாய், எம் மவன் கரகமா ஆடறான், நீங்க நோட்டக் குத்திவிட?" என்றேன். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "தவ்பா, தவ்பா! அப்படி நெனைக்கலண்ணே. வேற என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க."

அன்றைக்கு நான் கயிற்றோடு பஸ் ஏறிவிட்டேன். களத்தை அளந்து பார்த்த பிறகு, மறு நாள் காலை முதல் பஸ்ஸில் பெரம்பலூர் போய் மரவாடியில் அவர் எதிரே உட்கார்ந்தேன். மாட்டுச் சந்தையில் விரல் பிடித்து விலை பேசுகிற மாதிரி என் துண்டை எடுத்து இருவர் கை மேலும் போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "அண்ணே, இது என்ன மாடா?" என்றார். "மாடுன்னா பல்ல புடிச்சுப் பாத்து வாங்குவீங்க. நீங்க பேப்பரப் பாத்து வாங்குறீங்க, அதனால வெல ஜாஸ்தி" என்றேன். மதியம் வரைக்கும் இழுத்தது. இரண்டு தடவை நான் செருப்பைப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டேன், ஒரு தடவை அவர் தொழுகைக்கு எழுந்து போய்விட்டு வந்தார். டோர்னமென்ட் கமிட்டியில் இருக்கிற ஜவுளிக்கடைக்காரரையும் உரக்கடைக்காரரையும் ஆள் விட்டுக் கூப்பிட்டார். ஜவுளிக்கடைக்காரர், "முட்டி போன ஆளுக்கா இவ்வளவு கேக்குறீங்க?" என்றார். "அந்த முட்டியில உங்க கடை பேரும் எழுதியிருக்குங்க. நீங்க அறிவிச்ச பத்து ரூபாய்க்கு அவன் எத்தினி தடவ குதிச்சான்னு மைக்குக்காரனக் கேளுங்க" என்றேன்.  பேசி முடித்தோம். உன்னைக் கேட்காமல்தான் முடித்தேன். நீ ஒத்துக்கொள்ளாமல் கிழித்துப் போடலாம், உனக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் கிழிப்பதற்கு முன்னால் படித்துப் பார். இது கடலை வியாபாரம்தான், செல்வம். அதனால்தான் ஒழுங்காக நடந்திருக்கிறது.

முடிவான பேச்சு இது. பெரம்பலூர் கிரவுண்டில் நீ கோச். ஐந்து வருஷத்துக்கு. சம்பளத்தை வியாபாரிகள் சங்கம் மாதம் முதல் தேதி கொடுக்க வேண்டும், மழைக்காலத்தில் ஆட்டம் நின்றாலும் கொடுக்க வேண்டும். மரவாடிக்குப் பின்னால் இருக்கிற ஓட்டு வீடு உனக்கும் மருமகளுக்கும் பேத்திக்கும், வாடகை இல்லை. முட்டி வைத்தியம் அவர்கள் செலவு. டோர்னமென்ட் அன்றைக்குக் கோட்டுக்கு வெளியே நின்று ஒரே ஒரு பந்து போடுவாய், நின்ற இடத்திலிருந்து, குதிக்காமல்; விழுந்தாலும் விழாவிட்டாலும் அதோடு சரி. யாரும் எந்தப் பந்துக்கும் மைக்கில் பரிசு அறிவிக்கக் கூடாது. என் பக்கத்துக்கு, கிரவுண்டுக்குத் தரை போட அரியலூர் சிமெண்ட் முழுக்க என்னுடையது, லாரி வாடகையும் என்னுடையது. நீ இஷ்டப்பட்டால் எப்போது வேண்டுமானாலும் விட்டுப் போகலாம். அவர்கள் உன்னை நிறுத்த முடியாது. இத்தனையும் எழுதி, மூன்று பேர் கையெழுத்துப் போட்டு, உன் கையெழுத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறது. இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டேன். 'விளையாடுகிற வரைக்கும்' என்ற வார்த்தை அதில் எங்கேயும் இல்லை.